மடியில் வைக்க முடியாத மடிக்கணினி

2024 ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. தில்லியில புழுக்கமா படுத்தற காலம். கும்பகோணத்துலேர்ந்து அக்கா போன்.

"டேய், பையனுக்கு லேப்டாப் வாங்கணுமாம். காலேஜ்ல சீனியர் பசங்க ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்காங்க. கடையில காட்டினேன். ஒரு லட்சத்து அறுபத்திரெண்டாயிரம் சொல்றான். நீ அந்த வேலையிலதானே இருக்கே, எதுன்னு பாத்துச் சொல்லு."

மருமகனுக்கு அப்பதான் கோயமுத்தூர்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருந்தது. நம்ம வீட்ல என்னைத் தவிர இன்ஜினியரிங் பக்கம் போன ரெண்டாவது ஆள். நானும் சந்தோஷமா "லிஸ்டை அனுப்பு"ன்னேன். வந்தது. ஐ9 ப்ராசஸர், 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ். கடைக்காரர் அதுக்கு ஒரு படி மேல போய், "இன்ஜினியரிங்னா வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்பே எடுத்துடுங்கம்மா, நாலு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்"னு சொல்லியிருக்கார்.

"பணத்துக்கு என்ன பண்ணப் போறே?"ன்னு கேட்டேன்.

"நாலு பவுன் செயின் இருக்குல்ல. பேங்க்ல வெச்சா ஒண்ணு இருபது தருவான். மீதி சீட்டுப் பணம்."

சாதாரணமா சொல்லிட்டு, குக்கர் விசில் அடிக்குதுன்னு வெச்சுட்டாங்க.

நான் என்ன செஞ்சேன்னு சொல்லணும், ஏன்னா இந்தப் பதிவே அதுக்காகத்தான். உடனே திரும்பக் கூப்பிட்டு, "செயினை எல்லாம் வெக்காதே, நான் வாங்கித் தர்றேன். பெருசாவே வாங்கிடலாம்"னு சொல்லிட்டேன். அவனுக்கு எது தேவைன்னு ஒரு கேள்வி கூடக் கேட்கல. அப்பா கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தப்போ பார்த்துக்கிட்டது அக்கா. நான் மாசாமாசம் பணம் அனுப்பினேன், ரெண்டு தடவை வந்து ஒரு வாரம் இருந்துட்டு ரயிலேறினேன். அந்தக் கணக்கை ஒரே ஒரு லேப்டாப்ல நேர் பண்ணிடலாம்னு மனசுக்குள்ள ஒரு நப்பாசை.

தங்கமணி காபியோட வந்து நின்னாங்க. "அவனுக்கு எதுக்கு வேணும்னு கேட்டீங்களா? நம்ம பொண்ணுக்கும் இப்படித்தான் கேக்காம வாங்கினீங்க."

சரி, அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

பெருசு வாங்கிக் கெட்ட கதை

2021-ல பொண்ணு இங்கயே புள்ளியியல் சேர்ந்தா. நான் ஒரு டிசைன் கம்பெனியில வேலை பார்க்கறவன். ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா வொர்க்ஸ்டேஷன் மெஷின்லதான் குப்பை கொட்டறேன். அதனால "படிப்புக்கு நல்ல மெஷின் வேணும்"னு ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கிக் குடுத்தேன். என்ன கம்பெனின்னு கேட்காதீங்க, தப்பு மெஷின் மேல இல்ல.

மெஷின் மட்டும் 2.6 கிலோ. சார்ஜர் செங்கல் மாதிரி ஒண்ணு, அது தனியா முக்கால் கிலோ. காலேஜ் திறந்தப்புறம் மெட்ரோவுல நின்னுக்கிட்டே இதைத் தோள்ல சுமந்துக்கிட்டுப் போகணும். லைப்ரரியில ஒரு கணக்கு ஓட விட்டா ஃபேன் சத்தத்துல பக்கத்து டேபிள் திரும்பிப் பார்க்குதாம். பேட்டரி ரெண்டு மணி நேரம். தொடையில வெச்சா சுடும். மடிக்கணினின்னு அழகா பேர் வெச்சிருக்கோம், இதை மடியில வெக்கவே முடியாது.

அவ பண்ற வேலை ஆர், எக்செல், கொஞ்சம் பைத்தான். சில ஆயிரம் வரி டேட்டா. அதுக்கு அந்த மெஷினோட கிராபிக்ஸ் கார்டு நாலு வருஷமும் தூங்கிட்டுதான் இருந்தது. ஒரு வருஷத்துல அவ தங்கமணியோட பழைய 1.3 கிலோ லேப்டாப்பை எடுத்துக்கிட்டா. அதுலயே டிகிரியும் முடிச்சா. அந்தப் பெரிய மெஷின் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்லணும்னா, பொண்ணு பேர்ல வாங்கினேனே தவிர உள்ளூர எனக்குத்தான் வாங்கியிருக்கேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்காரன் வெச்சிருந்தான், ஆசை. ஹிஹி.

சின்னது வாங்கிக் கெட்ட கதை

இதைக் கேட்டுட்டு "அப்ப மலிவா வாங்கினா போதும்"னு முடிவுக்கு வந்துடாதீங்க. அந்தப் பாவத்தையும் நான் பண்ணியிருக்கேன்.

2019-ல பக்கத்து பிளாக்குல இருக்கற நம்ம ஊர்க் குடும்பம். பையன் பிளஸ் ஒன். அப்பாவுக்குச் சின்ன வேலை. "இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள சொல்லுங்க சார்"ன்னாங்க. நானும் அதிகம் யோசிக்காம 22,000 ரூபாய்க்கு ஒண்ணு காட்டினேன். 4 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி. இஎம்எம்சின்னா போன்ல இருக்கற மாதிரி போர்டுலயே ஒட்டின சேமிப்பு, கழட்டி மாத்த முடியாது. எஸ்எஸ்டியை விட ரொம்ப நிதானம்.

ஆறு மாசத்துல விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் பத்தல. 32 ஜிபியில விண்டோஸே பெரும்பாதியை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா மீதியில என்ன பண்றது? 2020-ல ஊரடங்கு வந்தது, எல்லாம் ஆன்லைன் வகுப்பு. வீடியோவை ஆன் பண்ணினா மெஷின் உறையும். ஒரு தேர்வு நடுவுல அப்படியே நின்னு போச்சு. பையன் அழுதிருக்கான். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. லிப்ட்ல பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் தலை குனியும். அவங்களுக்கு அந்த 22,000 ரெண்டு மாச வீட்டுச் செலவு.

ஆக, பெருசு வாங்கினதுல நான் இழந்தது பணம். சின்னது வாங்கினதுல அந்தப் பையன் இழந்தது படிப்புல ஒரு வருஷம். ரெண்டாவதுதான் பெரிய நஷ்டம். மலிவுங்கறது வேற, உதவாக்கரைங்கறது வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க போடறதுங்கறதுதான் விஷயம்.

கம்பெனி வாங்கற கணக்கு நம்ம கணக்கு இல்ல

வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்னா என்னன்னு முதல்ல பார்ப்போம். லெனோவோவுல திங்க்பேட் பி வரிசை (2015-ல வந்தது), எச்பியில இசட்புக், டெல்லுல பல வருஷம் பிரிசிஷன்னு இருந்து 2025-ல டெல் ப்ரோ மேக்ஸ்னு பேர் மாத்தின வரிசை. இதெல்லாம் அந்த ஜாதி. பணம் எதுக்குக் குடுக்கறோம்?

முதல்ல கிராபிக்ஸ் கார்டுக்கான சான்றிதழ். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோடெஸ்க் மாதிரி கம்பெனிகள் "இந்தக் கார்டு, இந்த டிரைவரோட எங்க மென்பொருள் ஒழுங்கா ஓடும்"னு சோதிச்சுப் பட்டியல் போடுவாங்க. திரையில ஏதாவது கோளாறுன்னு புகார் குடுத்தா, பட்டியல்ல இருக்கற கார்டுதானான்னு கேட்பாங்க. அந்தக் கார்டுல இருக்கற சிப், கேமிங் லேப்டாப்ல இருக்கற சிப்போட சொந்த அண்ணன் தம்பிதான். விலை வித்தியாசத்துல பெரும்பகுதி டிரைவருக்கும் அந்தச் சான்றிதழுக்கும்.

ரெண்டாவது, நிறைய ரேம் போடற வசதி. சில மாடல்கள்ல தப்பைத் தானே திருத்திக்கற இசிசி ரேம் கூட உண்டு. ராத்திரி முழுக்க ஓடற கணக்கு நடுவுல ஒரு பிட் மாறிப் போனா எல்லாம் பாழ். அதுக்காக.

மூணாவது, கெட்டுப் போனா அடுத்த நாளே ஆள் வந்து சரி பண்ற வாரண்டி.

இதெல்லாம் எங்க ஆபீஸுக்கு நியாயம். ஒரு இன்ஜினியர் மெஷின் இல்லாம ஒரு நாள் சும்மா உக்காந்தா கம்பெனிக்குப் போற காசு அந்த வாரண்டியை விட அதிகம். அது மட்டுமில்ல. எங்க கணக்குப் பிரிவு நண்பர் 2024-ல எனக்கு ஒண்ணு விளக்கினார். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அக்காவுக்குச் சொன்ன 1,62,000-ல ஏறத்தாழ 24,700 ரூபாய் வரி. கம்பெனி வாங்கினா அதை உள்ளீட்டு வரியா திரும்ப எடுத்துக்கும். மீதிக்கும் கம்ப்யூட்டர்ங்கறதால வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டி வருமான வரியில குறைச்சுக்கும். அக்கா வாங்கினா முழு 1,62,000-ம் அவங்க கழுத்துலேர்ந்துதான் போகணும்.

கழுத்துலேர்ந்துன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லல. 1,20,000 நகைக்கடனுக்கு 9 சதவீதம்னே வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 10,800 வட்டி. நாலு வருஷம் வட்டி மட்டும் கட்டிட்டு வந்தா 43,200. அந்த வட்டிக் காசுலயே ஒரு நல்ல லேப்டாப் வந்திருக்கும். அதுக்கப்புறமும் அசல் அப்படியே நிக்கும், செயின் பேங்க் பெட்டியில இருக்கும். லேப்டாப் அதுக்குள்ள கிழவனாகியிருக்கும்.

கம்பெனி வாங்கறதைப் பார்த்து வீட்டுக்கு வாங்கறது, கல்யாண மண்டபத்து அண்டாவைப் பார்த்து நாலு பேர் குடும்பத்துக்கு அண்டா வாங்கற மாதிரி.

சரி, மெக்கானிக்கல் பையனுக்கு என்னதான் வேணும்?

தங்கமணி சொன்னதும் உறைச்சுது. அன்னிக்கு ராத்திரியே மருமகனைக் கூப்பிட்டேன். "என்னென்ன மென்பொருள் வேணும்னு உங்க சீனியரைக் கேளு. கான்பிகரேஷன் கேட்காதே, வேலையைக் கேளு"ன்னேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர்ல பைத்தான், ரெண்டாவதுல இன்ஜினியரிங் கிராபிக்ஸ். தன்னாட்சிக் கல்லூரியா இருந்தாலும் முதல் வருஷம் பெரும்பாலும் இதுக்குப் பக்கத்துலதான் இருக்கும். பைத்தானுக்கு எந்த மெஷினும் போதும். முப்பரிமாண மாடலிங் எல்லாம் ரெண்டாம் வருஷத்துக்கு மேல. அதுலயும் மாணவன் வரையறது ஒரு வால்வு, ஒரு கியர்பாக்ஸ், மிஞ்சிப் போனா நூறு பாகம் இருக்கற அசெம்பிளி. எங்க ஆபீஸ்ல வர்ற மாதிரி பல ஆயிரம் பாகம் இல்ல.

இங்க ஒரு விஷயம், நிறைய அப்பா அம்மாவுக்குத் தெரியாது. ஆட்டோடெஸ்க் தன்னோட மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாவே குடுக்குது, வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கணும். ஆன்சிஸும் மாணவர் பதிப்பு இலவசமா குடுக்குது, ஆனா அதுல கணக்கோட அளவுக்கு வரம்பு உண்டு. அமைப்பியல் கணக்குன்னா 1,28,000 கணுக்கள் வரைக்கும்தான். அந்த அளவு கணக்கு 16 ஜிபி ரேம் இருக்கற சாதாரண மெஷின்லயே ஓடிடும். அதாவது, பையனுக்குச் சட்டப்படி கிடைக்கற மென்பொருள் அந்த ஒண்ணரை லட்ச ரூபாய் மெஷினோட முழு பலத்தையும் கேட்கவே கேட்காது. பெரிய கணக்கு போடணும்னா லைசென்ஸ் இருக்கற காலேஜ் லேப்புக்குத்தான் போகணும். அங்க மெஷினும் இருக்கும். அதுக்கும் சேர்த்துத்தானே பீஸ் கட்டறோம்?

கம்ப்யூட்டர் சயின்ஸ்ல செயற்கை நுண்ணறிவு படிக்கறேன், ஜிபியு வேணும்னு சொல்ற பசங்களுக்கும் இதேதான். கூகிள் கொலாப் இலவசமா ஜிபியு தருது, காகிள்ல வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் கிடைக்கும். கத்துக்கற கட்டத்துக்கு அது தாராளம்.

என்னோட கோடு எங்க?

ஆபீஸ்ல புது மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி நாங்க ஒரு வேலை பண்ணுவோம். இருக்கற மெஷின்ல வேலையை ஓட விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து எங்க முட்டுதுன்னு பார்ப்போம். மெமரி 90 சதவீதத்துல நிக்குதா, அப்ப ரேம் போதல. டிஸ்க் நூறுல நிக்குதா, டிஸ்க்கை மாத்து. ப்ராசஸர் எல்லாம் சேர்ந்து நூறுல மணிக்கணக்கா நிக்குதா, அப்பதான் பெரிய ப்ராசஸர். கிராபிக்ஸ் முட்டினா கிராபிக்ஸ். எதுவுமே முட்டலைன்னா காசு மிச்சம். ஒரு சீனியரோட மெஷின்ல ஒரு சாயங்காலம் உக்காந்து இதைப் பார்த்தாலே போதும், எந்த யூட்யூப் விமர்சகரும் வேணாம்.

மத்தபடி, நான் இப்ப யார் கேட்டாலும் சொல்றது:

இன்ஜினியரிங் மாணவனுக்கு இதுக்குக் கீழே இறங்காதீங்க: ஐ5 இல்லேன்னா ரைசன் 5 தரத்துல ப்ராசஸர், 16 ஜிபி ரேம் (8-ன்னா ரேம் போட இன்னொரு காலி ஸ்லாட் கட்டாயம் இருக்கணும்), 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, முழு எச்டி திரை. செலரான், என்100 மாதிரி ப்ராசஸர் மெயில் பார்க்க, பாட்டு கேட்க நல்லது. என்100-ங்கறது 6 வாட்டுல ஓடற சிக்கனமான சிப். அதுகிட்ட போய் இன்ஜினியரிங் டிராயிங்கைக் குடுத்து இழுக்கச் சொல்லாதீங்க. இஎம்எம்சின்னு பார்த்தாலே கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஒரே ஐ7-லயே யு-ன்னு முடியறதும் எச்-ன்னு முடியறதும் ஒண்ணு இல்ல. ஆர்டிஎக்ஸ் 4060-ன்னு லேப்டாப்ல வர்ற கார்டு 35 வாட்டுலேர்ந்து 115 வாட் வரைக்கும் எங்க வேணும்னாலும் இருக்கலாம், ஸ்டிக்கர் ஒண்ணுதான். ஒல்லியான உடம்புக்குள்ள பெரிய இன்ஜினை வெச்சா சூடேறித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். தில்லி வெயில்ல, ஏசி இல்லாத அறையில, இது இன்னும் மோசம். வேலூர், திருச்சி ஹாஸ்டல் எல்லாம் இதுக்குச் சளைச்சதில்ல.

எடை முக்கியம். தினம் சுமக்கறவனைக் கேட்டு வாங்குங்க, பணம் குடுக்கறவனைக் கேட்டு இல்ல.

உங்க ஊர்லயோ பையன் படிக்கற ஊர்லயோ சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பாருங்க. நேரு பிளேஸ்ல ரெண்டாயிரம் ரூபாய் குறைச்சுக் கிடைக்குதுன்னு இங்கேர்ந்து வாங்கி அனுப்பிட்டு, கெட்டுப் போனா யார்கிட்ட ஓடறது?

கம்பெனிகள் பயன்படுத்திட்டுக் கழிச்ச மெஷின்கள் நேரு பிளேஸ்லயும் சென்னை ரிச்சி தெருவிலயும் கிடைக்கும். கையில காசு கம்மின்னா 22,000 ரூபாய்க்குப் புது டப்பாவை விட இது எவ்வளவோ மேல். ஆனா ஒண்ணு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லுல பொதுவா எட்டாம் தலைமுறை, இல்ல அதுக்கு மேல வேணும். அதுக்குக் கீழே எவ்வளவு பளபளன்னு துடைச்சு வெச்சிருந்தாலும் தொடாதீங்க.

அப்ப பெரிய மெஷின் யாருக்குத்தான்? மெஷின் ஓடற நேரத்தைக் காசாக்கறவங்களுக்கு. தனியா ரெண்டரிங் பண்ணி மணிக்கு இவ்வளவுன்னு வாங்கறவர், 4கே வீடியோ வெட்டறவர், வாடிக்கையாளருக்குப் பொறுப்பேத்து அமைப்பியல் கணக்கு போட்டுக் கையெழுத்துப் போடறவர். கட்டடக்கலை படிக்கறவங்களுக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு நிஜமாவே வேணும். ரெவிட் 2024-லயே குறைஞ்சபட்சம் 16 ஜிபி ரேம் கேட்டது, லூமியான் எல்லாம் தனிக் கார்டு இல்லாம நகராது. ஆனா அவங்களுக்கும் ஒரு நடுத்தர கேமிங் லேப்டாப் போதும். சான்றிதழுக்குப் பணம் குடுக்க வேண்டாம்.

"உங்க பொண்ணுக்கு மட்டும்..."

இவ்வளவும் அழகா எழுதிட்டேன். மருமகன்கிட்ட சொன்னப்போ அழகா இல்ல.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "உங்க பொண்ணுக்கு ஒண்ணரை லட்சத்துல வாங்கினீங்க. எனக்கு அம்பதாயிரமா மாமா?"ன்னான்.

எனக்குப் பதில் வரல. அவன் கேட்டது லேப்டாப்பைப் பத்தி இல்லன்னு தெரியுது. வெளியூர்ல இருக்கற மாமன் வீட்டுக்கு ஒரு அளவு, ஊர்ல இருக்கற நமக்கு ஒரு அளவுன்னு அவனுக்குத் தோணியிருக்கு. பதினெட்டு வயசுப் பையனுக்குத் தோணாம எப்படி இருக்கும்? வருஷா வருஷம் வெக்கேஷனுக்கு வந்து, பொட்டியைத் திறந்து, சாக்லேட்டும் சட்டையும் குடுத்துட்டுப் போறவங்கதானே நாம.

அப்பதான் பொண்ணு மெஷின் கதை முழுக்க அவன்கிட்ட சொன்னேன். அது என் ஆசைக்கு வாங்கினது, அவ அதைத் தொடறதே இல்லன்னு. நம்பினானான்னு தெரியல. "லீவுல இங்க வா, அது சும்மாதான் இருக்கு. வேலை பண்ணிப் பாரு. வேணும்னா எடுத்துட்டுப் போ, உனக்குத்தான்"னேன்.

52,000 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினோம். ரைசன் 5, 8 ஜிபி ரேம், ஒரு ஸ்லாட் காலி, 1.6 கிலோ. முழுசும் நான் தர்றேன்னேன். அக்கா ஒத்துக்கல. சீட்டுப் பணத்துல 30,000 அவங்க போட்டாங்க, மீதி 22,000 நான். செயின் பேங்குக்குப் போகல.

2025 மே மாசம் மருமகன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினான். பத்து நாள் அந்தப் பெரிய மெஷின்ல உக்காந்து ஏதோ ஒரு பம்ப் மாடல் போட்டான். நான் எதுவும் சொல்லல. கிளம்பற அன்னிக்கு அவனே, "இதை ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போனா முதுகு போயிடும் மாமா. ஃபேன் சத்தத்துல ரூம்மேட் துரத்திடுவான். என்னுதுல அசெம்பிளி திறக்கும்போதுதான் திக்குது, ரேம் மட்டும் போட்டுக் குடுங்க"ன்னான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம், மெமரிதான் முட்டிட்டு நின்னுது. நேரு பிளேஸ் போய் 8 ஜிபி வாங்கி, வீட்ல நியூஸ்பேப்பர் விரிச்சு, அவன் கையாலயே கழட்டி மாட்டினான். ரெண்டாயிரத்துக்கும் கீழேதான் ஆச்சு.

நேரம் நல்ல நேரம். அந்த வருஷக் கடைசியிலேர்ந்து, செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை எல்லாம் வாரிக்கிட்டதுல, ரேம் விலை கிடுகிடுன்னு ஏற ஆரம்பிச்சுது. அதனால "இப்ப 8 வாங்கு, அப்புறம் சேர்த்துக்கலாம்"ங்கற என் பழைய அறிவுரையை இப்ப நானே மாத்திக்கிட்டேன். வாங்கும்போதே 16-ஆ வாங்கிடுங்க.

அவன் கடைசி வருஷத்துல திரவ இயக்கவியல் கணக்கு ஏதோ பண்ணப் போறானாம். "அப்ப இது தாங்குமா?"ன்னு இப்பவே கேக்கறான். தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கலைன்னா காலேஜ் லேப் இருக்கு, அதுவும் பத்தலைன்னா என் மேஜையில அந்த செங்கல் சார்ஜரோட ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு. நாலாம் வருஷத்துக்கு வேணும்ங்கறதுக்காக முதல் வருஷத்துலயே நகையை வெக்க வேணாம், அவ்வளவுதான் நான் சொல்றது.

இன்னொண்ணு. தமிழ்நாட்டுல 2011 செப்டம்பர்ல அரசு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்க. 2025 மார்ச் பட்ஜெட்டுல கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் இல்ல லேப்டாப்னு அறிவிச்சாங்க. உங்க ஊர்ப் பிள்ளைக்கு அது வருமான்னு காலேஜ்ல கேட்டுட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க. எங்க ஆபீஸ்ல என் கீழே வேலை பார்க்கற ஒரு திருவண்ணாமலைப் பையன் அந்தப் பழைய அரசு லேப்டாப்புலதான் முதல்ல டிராயிங் போடக் கத்துக்கிட்டானாம். இன்னிக்கு எங்க டீம்லயே பெரிய வொர்க்ஸ்டேஷன் அவன்கிட்டதான் இருக்கு. அவனுக்கு அது வேணும். கம்பெனி குடுத்திருக்கு.

லேப்டாப்புல மிச்சமான காசுல அந்த வருஷம் பொங்கலுக்கு லீவு போட்டுட்டுப் பன்னெண்டு நாள் ஊர்ல இருந்தேன். அக்கா ஒண்ணும் பெருசா சொல்லல. "இத்தனை நாளா லீவு குடுத்தான்?"னு மட்டும் கேட்டாங்க.

உங்க வீட்டுல ஊர்லேர்ந்து இப்படி போன் வந்தா, விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி வேலையைக் கேளுங்க. "பெருசாவே வாங்கிடலாம்"னு வாய் வரைக்கும் வந்தா, ஒரு காபி குடிச்சுட்டு அப்புறம் பேசுங்க.

டிஸ்கி: அந்த 22,000 ரூபாய் மெஷின் பையன் இப்ப பி.காம் முடிச்சுட்டு வேலைக்குப் போறான். போன மாசம் லிப்ட்ல பார்த்தேன். "அங்கிள், புது லேப்டாப் வாங்கணும், எது வாங்கலாம்?"னு என்கிட்டயே கேக்கறான். அவனுக்கு இருக்கற நம்பிக்கை எனக்கு இல்ல. இருந்தாலும் இந்தத் தடவை, என்ன வேலைன்னு முதல்ல கேட்டேன்.